இன்னும் எத்தனை அடி

அருமனை
9-12-1935

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ஜெபதாசுக்கு அக்கா நேசபாய் எழுதுவது.

கல்கத்தாவில் குளிர் தொடங்கியிருக்கும். நான் கொடுத்துவிட்ட கம்பளிச் சட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுதக் கை வரவில்லை.

குளோரிக்கு மூச்சு இழுப்பு. ஏழு வயதுப் பிள்ளை, படுக்க முடியாமல் தலையணையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தபடியே உறங்குகிறாள். காரணம் எனக்குத் தெரியும், உன் அத்தானுக்கும் தெரியும். ரப்பர் ஷீட்டை உணக்கிக் காயவைக்க வீட்டுக்குப் பின்னால் அவர் கட்டின புகைப்புரைதான். நீ ஊரைவிட்டுப் போகும்போது அது ஓலைக் கூரையும் ஒற்றை அறையுமாக இருந்தது. ரப்பருக்கு விலை ஏறினதிலிருந்து நாலு அறை. இந்தப் பக்கத்தில் ரப்பர் வைத்திருக்கிற எல்லாரும் ஷீட்டை இங்கேதான் கொண்டுவந்து தொங்கவிடுகிறார்கள். தீ அணைகிறதே இல்லை. காய்ந்த விறகு போட்டால் புகை போதாதாம். பச்சை விறகும் தேங்காய் மட்டையும் போட்டு மூட்டுகிறார்கள். கூரை இடுக்கு வழியாக வருகிற புகை மேலே போகாமல் முற்றத்திலேயே கவிழ்ந்து கிடக்கிறது. வெளுத்த துணி மஞ்சளாகிறது. கோவிலில் பாட்டுப் பாடுகிறவர்கள் பாதியில் நிறுத்தி இருமுகிறார்கள்.

ஆஸ்பத்திரி டாக்டர், பிள்ளையைப் புகையிலிருந்து மாற்றாவிட்டால் தன்னிடம் கொண்டுவந்து பிரயோஜனமில்லை என்று சொல்லிவிட்டார். உன் அத்தான் அதைக் கேட்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதார். அழுதுவிட்டு வந்து அடுப்பில் விறகைத் தள்ளினார். "புகை இல்லாம ஷீட்டு உண்டுமா ஏட்டி? பூசணம் பிடிச்சுப் போவும். ஊருக்காரன் சும்மா விடுவானா?" என்கிறார்.

நீ புகையைப் பிடிக்கிற ஆபீசில்தானே இருக்கிறாய். ஒரு வழி சொல் மக்கா. எனக்கு வேறு பிள்ளை இல்லை.

உன் அக்கா,
நேசபாய்


கல்கத்தா
20-12-1935

அன்பும் மரியாதையுமுள்ள அக்காவுக்கு ஜெபதாசின் ஸ்தோத்திரம்.

நான் சுகம். கம்பளிச் சட்டை உடம்பில்தான் இருக்கிறது. வெள்ளையாகத் தந்தீர்கள், இப்போது அதைப் பார்த்தால் அடையாளம் தெரியாது.

எங்கள் ஆபீஸ் புகையைப் பிடிப்பதில்லை அக்கா, பார்க்கிறது. மொட்டைமாடியில் நின்று ஆலைப் புகைக்குழல்களைப் பார்ப்பது என் வேலை. கையில் ஓர் அட்டை இருக்கும். முதல் கட்டம் வெறும் வெள்ளை. அடுத்த கட்டங்களில் கறுப்புக் கோடுகள் வரவர நெருக்கமாக அச்சடித்திருக்கும். தூரத்தில் தொங்கவிட்டால் கோடு மறைந்து சாம்பல் நிறமாகத் தெரியும். ஒன்றாம் நம்பர் லேசு, நாலாம் நம்பர் கடும் கறுப்பு. ஆலைப் புகை எந்தக் கட்டத்தோடு ஒத்திருக்கிறதோ அந்த நம்பரை எழுதவேண்டும். நம்பர் கூடினால் ஆலைக்கு நோட்டீஸ் போகும். இதை நம்ம ஊரில் சொல்லிவிடாதீர்கள். ஆகாயத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவனுக்கு எவன் பெண் கொடுப்பான்?

எங்கள் துரை ஒருமாதிரி ஆள். இங்கே கம்பெனித் தோட்டத்தில் செடி வளர்க்க ஒரு கண்ணாடி வீடு உண்டு. வெயில் உள்ளே போகும், சூடு வெளியே வராது. நிலக்கரி எரிந்த காற்றும் மேலே போய் அப்படித்தான் நிற்கிறது, உலகத்துக்கே கண்ணாடிக் கூரை போடுகிறோம், மேலே போனது எங்கும் போய்விடவில்லை என்று சொல்லுவார். நாங்கள் அவர் அந்தப் பக்கம் போனதும் சிரிப்போம்.

காரியத்துக்கு வருகிறேன். குளோரியை உடனே தங்கச்சி ராஜபாய் வீட்டுக்கு அனுப்புங்கள். குன்னத்துவிளை மேடு உங்களுக்குக் கிழக்கே இருக்கிறது. இப்போது அடிப்பது கீழ்க்காற்று. புகை மேற்கே போகுமே தவிர அவள் பக்கம் திரும்பாது. இரண்டாவது, அத்தானிடம் சொல்லிப் புரைக்குச் செங்கல்லில் ஐம்பது அடி உயரத்துக்குக் குழல் கட்டச் சொல்லுங்கள். புகை உயரத்தில் போய்விட்டால் ஊர்மேல் விழாது. இங்கே எல்லா ஆலைக்கும் அதைத்தான் சொல்கிறோம். நம்பிக் கட்டலாம்.

குளோரிக்கு விளையாட இந்தக் கடிதத்தோடு அதே மாதிரி ஓர் அட்டை வைத்திருக்கிறேன். அவளுக்கு என் முத்தம்.

தங்கள் தம்பி,
ஜெபதாஸ்


அருமனை
2-2-1936

பிரியமான தம்பிக்கு அக்கா எழுதுவது. உன் உடம்பு எப்படி? சாப்பாட்டுக்கு அந்த ஊர் மீன் ஒத்துக்கொள்கிறதா?

நீ சொன்னபடி குளோரியை ராஜபாயிடம் விட்டோம். அவளுக்கே ஆறு மாசக் கைக்குழந்தை, அந்த சுந்தர்சிங் பயல் சும்மா கிடக்கமாட்டான். இருந்தாலும் "எம்பிள்ளையோட பிள்ளையா கெடந்துட்டுப் போட்டும்" என்று வாங்கிக்கொண்டாள். ஒரு வாரத்தில் இழுப்பு குறைந்தது. இப்போது படுத்து உறங்குகிறாள். நான் போனால் ஜன்னலில் நின்று நம்ம புரையைப் பார்த்து அட்டையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அப்பா இன்னைக்கு மூணு" என்கிறாள். அவருக்கு அதைச் சொன்னால் வெட்கம்.

குழித்துறையிலிருந்து வண்டி வண்டியாகச் செங்கல் வருகிறது. கொத்தனார் அண்ணாந்து பார்த்து, "கோவில் மணிமேடைக்கு மேல போவுமே, சபைல ஒண்ணும் சொல்லமாட்டாவளா?" என்று கேட்டார். உபதேசியாரிடம் கேட்டோம். பாட்டுக்கு நடுவில் இருமல் நின்றால் போதும், எவ்வளவு வேண்டுமானாலும் கட்டு என்றுவிட்டார்.

நேசபாய்


அருமனை
19-4-1936

உயிர்த்தெழுந்த கர்த்தரின் சமாதானம் உனக்கு உண்டாவதாக.

குழல் எழும்பிவிட்டது தம்பி. பண்டிகை நாளில் முற்றத்தில் ஒரு பொட்டுப் புகை இல்லை. ஜனங்கள் கோவிலுக்குப் போகிற வழியில் நின்று நின்று பார்த்தார்கள். ஆராதனையில் உபதேசியார் உன் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணினார். பக்கத்து வீட்டு நேசம்மாள் தன் மகளுக்கு உன்னைக் கேட்கலாமா என்று என்னிடமே கேட்டாள். ஆகாயம் பார்க்கிற வேலை என்று நான் சொல்லவில்லை.

குழல் வந்தபிறகு அடுப்பு நன்றாக இழுக்கிறதாம், விறகு முன்னைவிட அதிகம் பிடிக்கிறது. அத்தானுக்கு அதுவும் சந்தோஷம், ஷீட் சீக்கிரம் உணங்குகிறது.

பண்டிகைக்குக் குளோரி இறங்கிவந்து பாடினாள். திரும்பவும் மேலே விட்டிருக்கிறோம். ஒரு வருஷமாவது புகைப்புரைப் பக்கம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அங்கே அவளுக்கு நல்ல காற்று.

உன் பதிலை எதிர்பார்க்கும்
நேசபாய்


அருமனை
11-6-1936

தம்பிக்கு,

பண்டிகைக்கு எழுதின கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? இரண்டு வரி போடக்கூடாதா? இங்கே நான் ஒருத்தி எத்தனை பேருக்காகப் பயப்படுவது?

மழை தொடங்கிவிட்டது. குளோரிக்கு மறுபடியும் இழுப்பு. இந்த முறை முன்னைவிட மோசம். உதடு நீலம் பூக்கிறது. ஈரக்காற்றுதான் காரணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஓமம் வறுத்து ஒற்றடம் கொடுத்தோம், தைலம் தேய்த்தோம், டாக்டர் மருந்து மாற்றித் தந்தார். ஒன்றும் பிடிக்கவில்லை. கீழே கொண்டுவரவும் பயமாக இருக்கிறது, இங்கே புரை இருக்கிறதே. நேற்று ராஜபாய் அவளுக்கு வேடிக்கை காட்ட அட்டையைக் கையில் கொடுத்தாளாம். பிள்ளை ஜன்னலில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு நம்பர் இல்ல சித்தி, அட்டையும் வெளியும் ஒண்ணு போலயே இருக்கு" என்றாளாம்.

ஜெபித்துக்கொள். எனக்கு ஜெபிக்க வாய் வரவில்லை.

நேசபாய்


கல்கத்தா
18-6-1936

அக்கா,

நேற்று உங்கள் கடிதம் வந்தவுடன் தந்தி கொடுத்தேன். கிடைத்ததா? பிள்ளையை இறக்கினீர்களா?

ஒரு மாசத்துக்கு மேல் காய்ச்சலில் கிடந்தேன், அதனால்தான் எழுதவில்லை. அது போகட்டும். நம்ம ஊரில் இடவப்பாதி மழை தொடங்கினால் காற்று மேற்கிலிருந்து அடிக்கும் என்று மாடு மேய்க்கிற பிள்ளைக்கும் தெரியும். நான் மார்கழிக் காற்றை மட்டும் நினைத்துக்கொண்டு ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து யோசனை சொன்னேன். ஐம்பது அடிக் குழலின் வாயும் குன்னத்துவிளை மேடும் ஒரே உயரம் என்பதையும் நினைக்கவில்லை. புகையை எடுத்து அவள் ஜன்னலுக்கு நேராகக் கொடுத்துவிட்டேன். குளோரி பார்த்தது மழைமூட்டம் அல்ல அக்கா. அது உங்கள் புரைப் புகை.

கீழே வீட்டில் இப்போது புகை இல்லை. டாக்டர் சொன்னது பழைய கதை. தயவுசெய்து இறக்குங்கள். பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

ஜெபதாஸ்


அருமனை
28-6-1936

என் தம்பிக்கு, நீ உயிரோடிருக்கிறாய் என்று கர்த்தரைத் துதித்து அக்கா எழுதுவது.

தந்தி வந்தது. குழித்துறையிலிருந்து ஆள் மழையில் நனைந்து வாசலில் நின்றதும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. நம்ம ஊரில் தந்தி எதற்கு வரும் என்று உனக்குத் தெரியாதா? ஒருத்தராவது அதைப் பிரித்தோமா என்றால் இல்லை. நான் தலையில் அடித்துக்கொண்டு விழுந்தேன். அத்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி மேசையில் வைத்து, அதன்மேல் வேதப்புத்தகத்தை வைத்துவிட்டு மழையிலேயே போய் நின்றார். நேசம்மாள் ஓடிவந்து, "கலியாணம் காணாத பிள்ளையாச்சே மக்கா" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். உபதேசியார் வந்து பாட்டே தொடங்கிவிட்டார். மேலே ஆள் போய்ச் சொல்ல, ராஜபாய் ஒரு இடுப்பில் சுந்தர்சிங்கும் தோளில் குளோரியுமாகச் சறுக்கிச் சறுக்கி இறங்கி வந்தாள். பிள்ளைகளை யாரிடம் விட்டு வருவாள்? யாருக்கும் புகையும் ஞாபகமில்லை, டாக்டரும் ஞாபகமில்லை.

மறுநாள் பள்ளிக்கூட வாத்தியார் துக்கம் கேட்க வந்தார். எப்படிச் சங்கதி என்று கேட்டு, தந்தியை எடுத்துப் பிரித்தார். பிள்ளையை உடனே கீழே கொண்டுவாருங்கள், காற்று மாறிவிட்டது என்று இருந்தது. அவ்வளவுதான். குளோரி அப்போது என் மடியில் உறங்கிக்கொண்டிருந்தாள். படுத்து உறங்கினாள் தம்பி! உன் சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் கட்டங்காப்பி குடித்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

இப்போது பிள்ளை நன்றாக இருக்கிறாள். கஞ்சி குடிக்கிறாள், சண்டை போடுகிறாள். ராஜபாய் அன்றைக்கே சுந்தர்சிங்கைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

நேசபாய்


கல்கத்தா
7-7-1936

அன்புள்ள அக்காவுக்கு,

என் சாவுச் செய்தியை வாசித்து நானும் சிரித்தேன். குளோரியைப் பற்றி எழுதினதை நாலு தடவை வாசித்தேன். பிறகு கடைசி வரியில் கண் நின்றுவிட்டது.

காற்று இன்னும் மேற்கிலிருந்துதான் அடிக்கிறது. ஐப்பசிவரை அடிக்கும். குளோரியை இறக்கினோம், புகையை இறக்கவில்லை. ராஜபாய் வீட்டில் சுந்தர்சிங் இருக்கிறான். அவன் எப்படி இருக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. அத்தானிடம் காற்று திரும்பும்வரை தீ போடவேண்டாம் என்று கேட்க முடியுமா? துரை சொன்னதைக் கேட்டுச் சிரித்ததை நினைத்தால் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. ராஜபாய்க்கும் தனியாக எழுதுகிறேன்.

ஜெபதாஸ்


அருமனை
20-7-1936

பிரியமான தம்பிக்கு அக்காவின் வாழ்த்துதல். இங்கு நாங்கள் மூவரும் கர்த்தர் கிருபையால் சுகம்.

குளோரி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். பாவாடை இடுப்பில் இறுகுகிறது, புதிதாகத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். இந்த வருஷம் பலா நன்றாகக் காய்த்தது, வற்றல் போட்டு வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்துவிடுவேன். நேசம்மாள் உன் காரியத்தை மறுபடியும் கேட்டாள். நல்ல பெண், தையல் தெரியும்.

ராஜபாய் சுகமாக இருப்பாள். மழையில் மேலே போய்ப் பார்க்க வழியில்லை.

நேசபாய்


குன்னத்துவிளை
2-8-1936

அண்ணனுக்கு ராஜபாய் எழுதுவது.

சுகமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுகமில்லை. அக்கா எழுதியிருக்கமாட்டாள்.

சுந்தர்சிங்குக்கு இழுப்பு. குளோரிக்காவது சொல்ல வாய் இருந்தது. இவன் பால் குடித்தால் மூச்சு விட முடியவில்லை, மூச்சு விட்டால் பால் குடிக்க முடியவில்லை. என் மார் கட்டிப்போய்க் கிடக்கிறது. ஜன்னலில் சாக்கு நனைத்துத் தொங்கவிட்டேன். சாக்கு கறுத்ததே தவிர ஒன்றும் நிற்கவில்லை.

மழை விட்ட ஒரு நாள் கீழே போய்ச் சொன்னேன். அக்கா காப்பி தந்தாள், குளோரியின் பழைய சட்டைகளைக் கட்டித் தந்தாள். "பிள்ளையோட ரெண்டு மாசம் இஞ்ச வந்து இரியேன்" என்றாள். என் மாமியார் கட்டிலோடு கிடக்கிறாள், அவளை யார் இறக்குவது? இந்த மேட்டில் இன்னும் எத்தனை வீடு இருக்கிறது, அந்தப் பிள்ளைகள் எல்லாம் அக்கா வீட்டில் இருக்க முடியுமா? அத்தான் நல்லபடியாகத்தான் பேசினார். "இன்னும் இருபது அடி கூட்டிக் கெட்டிருவோம் மக்கா, பொறவு உன் வீட்டத் தாண்டிப் போவும்" என்றார். "தாண்டி எங்க போவும் அத்தான்? அங்கயும் ஆளுண்டே" என்று கேட்டேன். அவர் விறகு எடுக்கப் போய்விட்டார். எங்கள் வீட்டு ஷீட்டும் அந்தப் புரையில்தான் தொங்குகிறது. அதனால் நான் அதற்குமேல் கேட்காமல் ஏறி வந்துவிட்டேன்.

நீங்கள் படித்தவர். இந்தப் பிள்ளை எங்கே போய் மூச்சு விடவேண்டும் என்று எழுதுங்கள்.

தங்கச்சி,
ராஜபாய்


குன்னத்துவிளை
17-8-1936

தம்பிக்கு,

சுகம் விசாரிக்க எழுதவில்லை. நான் செய்கிற காரியம் ஒருத்தருக்காவது தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

போன கடிதத்தில் மழை என்று எழுதினேன். மழை விட்டுத்தான் இருந்தது. மேலே போனால் பார்க்கவேண்டிவரும் என்று பயந்து போகவில்லை. என் பிள்ளை மூச்சு விடுகிறாள், அது போதும் என்று இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ராஜபாய் சுந்தர்சிங்கைக் கோவிலுக்குத் தூக்கிவந்தாள். குளோரி அவன் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இவன் என்னப் போலயே இழுக்கான்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து அத்தானிடம் காற்று திரும்பும்வரை தீ போடாதீர்கள் என்று காலைப் பிடித்துக் கேட்டேன். ஊர் ஷீட் அழுகிவிடும் என்றார். பெரிய மழை போனால் பயலுக்குச் சரியாகிவிடும் என்றார். குளோரிக்கு உதடு நீலம் பூத்தபோது சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்த மனுஷன் அவர். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

இன்று காலையில் குளோரியின் துணியை மூட்டை கட்டினேன்.

"பிள்ளைய எங்க கொண்டு போற?" என்றார்.

"ராஜபாய் வீட்டுக்கு. நீங்க தீய அணைச்சா இறக்கிட்டு வருவேன்."

"உனக்கு என்ன பைத்தியமா ஏட்டி?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். அவர் தீயை அணைக்கவில்லை. குளோரி அட்டையைப் பிடித்துக்கொண்டு காலையில் இரண்டு என்றாள், பிறகு மூன்று என்றாள். இப்போது அட்டையைக் கீழே வைத்துவிட்டு என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமுகிறாள். ராஜபாய் பிள்ளையை மடியில் போட்டபடி, "அக்கா, அவளக் கொண்டு போயிரு, எனக்காக வேண்டாம்" என்று அழுகிறாள். அவள் சொல்லும்போதெல்லாம் எனக்கு எழுந்து ஓடிவிடக் கால் துடிக்கிறது. ராஜபாய்க்கு ஓட இடமில்லையே என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் தாயா கொலைகாரியா என்று எனக்கே தெரியவில்லை தம்பி. அவர் அவளுடைய தகப்பன், அதை நம்பித்தான் வந்தேன்.

நேசபாய்


அருமனை
20-8-1936

அளியன் ஜெபதாசுக்கு உன் அத்தான் யேசுரத்தினம் எழுதுவது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் அக்காவுக்குக் கை ஒழியவில்லை, குளோரிக்கு ஆவி பிடிக்க வைத்துக்கொண்டிருக்கிறாள். பயப்படாதே, பிள்ளை இருக்கிறாள்.

முதல் நாள் நான் பிடிவாதமாகத் தீ போட்டேன். பெண்பிள்ளைக்கு இவ்வளவு வீம்பா என்று இருந்தது. மறுநாள் காலையில் பச்சை விறகு ஒரு கட்டு தள்ளிவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். இத்தனை நாளும் நான் அந்தக் குழலை அண்ணாந்து பார்த்ததே இல்லை. கீழே புகை இல்லை, எனக்கு அது போதுமாக இருந்தது. குழல் வாயிலிருந்து நான் போட்ட விறகின் புகை கிளம்பி, வேறு எங்கும் திரும்பாமல், நேரே மேட்டில் ராஜபாய் வீட்டு ஜன்னலுக்குள் போனதைக் கண்ணால் பார்த்தேன். அந்த ஜன்னலில் என் பிள்ளையின் சிவப்புப் பாவாடை தெரிந்தது.

நாலு அடுப்பிலும் தண்ணீர் கோரி ஊற்றினேன். கை வெந்துவிட்டது. மேலே ஓடினேன், செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியாது. நான் போகும்போது குளோரி ஜன்னலில் சாய்ந்திருந்தாள். பேச மூச்சில்லை. அட்டையை எடுத்து வெளியே பிடித்துப் பார்த்துவிட்டு, வெள்ளைக் கட்டத்தில் விரலை வைத்து எனக்குக் காட்டினாள். 

சுந்தர்சிங் இன்னும் தேறவில்லை. டாக்டர் கைவிடவும் இல்லை, வாக்குக் கொடுக்கவும் இல்லை. ராஜபாய் என்னோடு பேசவில்லை. அவளை நான் குறை சொல்லமாட்டேன்.

நாலு அறையிலும் ஷீட் தொங்குகிறது. பூசணம் வெள்ளையாகப் பூக்கத் தொடங்கிவிட்டது. காலையிலிருந்து ஊருக்காரர்கள் முற்றத்தில் நிற்கிறார்கள், ஈஸ்டருக்கு என்னைக் கட்டிப்பிடித்தவர்கள்தான். ஆற்றுக்கு அக்கரையில் ரப்பர் வைத்திருக்கிற அல்போன்ஸ் தன் விளையில் புரை கட்டக் கல் இறக்கிவிட்டான். நேற்று என்னிடம் வந்து உன் விலாசம் கேட்டான், குழல் எத்தனை அடி வைக்கலாம் என்று எழுதிக் கேட்கவேண்டுமாம். நான் கொடுக்கவில்லை. எப்படியும் விசாரித்து எழுதுவான்.

புகையில்லாமல் ஷீட் உணக்க ஒரு வழி இருந்தால் எனக்கு எழுது. இல்லையென்றால் இல்லை என்று எழுது, நான் வேறு பிழைப்புப் பார்த்துக்கொள்கிறேன். அல்போன்ஸ் கடிதம் வந்தால் அவனுக்கும் அதையே எழுது. எத்தனை அடி என்று மட்டும் எழுதாதே.

யேசுரத்தினம்